நாலு ஜெபமாலை

வள்ளக்காரர்கள் செத்த பேட்டரி செல்லைக் கொண்டுவந்து என் கல்லாப்பெட்டி மேல் டொக்கென்று வைத்துவிட்டு முறைப்பார்கள். “ஒம்போது நாளு அண்ணாச்சி. ஒம்போதே நாளுதான் ஓடிச்சு” என்பார்கள். ஏதோ நான்தான் அந்தச் செல்லைப் பெற்று, ஒழுங்காகச் சோறு போடாமல் வளர்த்துவிட்டதுபோல.

நான் சாயர்புரத்துக்காரன். தூத்துக்குடிக்கு வந்து கடற்கரைத் தெருவில் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கயிறு, தூண்டில், மிதவை, டார்ச், செல், சங்கு குளிக்கிறவர்களுக்கு முகக்கண்ணாடி எல்லாம் என்னிடம் கிடைக்கும். பெயர் பாண்டியராஜன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்தத் தெருவில் ஆள் கிடையாது, எல்லோருக்கும் அண்ணாச்சிதான். கடையின் பின்பாதியைப் பிளைவுட் தடுப்பு வைத்து ஜெரால்டுக்கு விட்டிருந்தேன். கோயம்புத்தூரில் மீட்டர் செய்யும் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் ஈயம் உருக்கினால் இந்தப் பக்கம் எனக்கு இருமல் வரும். அவ்வளவு நெருக்கம்.

அவன் செய்ததுதான் அந்த மஞ்சள் பெட்டி. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் முடுக்கிவிட்டால், வள்ளம் எங்கே நிற்கிறது என்பதைத் தானே தெரிந்துகொண்டு, ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் நட்டிருக்கும் கம்பத்துக்குச் சொல்லும். அங்கிருந்து சங்கு குளிப்போர் சங்கச் செயலாளர் பாஸ்கலுடைய போனுக்கும், அந்தந்த வீட்டுப் பெண்களின் போனுக்கும் போய்விடும். பெட்டியின் தலையில் ஒரு சிவப்புப் பட்டன். கடலில் ஆபத்து என்றால் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் கரையில் சங்கத்திலும் ஜெரால்டின் பட்டறையிலும் மணி அடிக்கும். சங்கத்தின் வேகப்படகு ஆக்சிஜன் சிலிண்டரோடு கிளம்பிவிடும். சங்கு கிடக்கும் பார்களில், அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகள் பக்கம், போன் எடுக்காது. அதனால் முப்பத்தோரு வள்ளங்களுக்கு அந்தப் பட்டன்தான் நம்பிக்கை.

ஜெரால்டு இதைச் செய்ததற்குக் காரணம் சங்கம் அல்ல, அவன் தங்கை பிலோமினா. அவள் புருஷன் டெரன்ஸ் சங்கு குளிப்பவன், கடலுக்குள் முங்கித் தரையில் கிடக்கும் சங்கை எடுப்பவன். இந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் முங்குகிறவனுக்கு மேலே இருந்து கயிறு பிடிக்கிறவன் அவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடக் குளிக்கிறவனுக்குச் சங்கு முக்கியம், வள்ளக்காரனுக்கு வள்ளம் முக்கியம். தங்கச்சி தாலிமேல் கவலை உள்ளவன் மச்சான் ஒருவன்தான். இப்போது மூச்சடக்கி யாரும் முங்குவதில்லை. கம்ப்ரசரிலிருந்து குழாயில் காற்று போகிறது. ஆனாலும் மேலே குழாயும் கயிறும் பிடிக்கிற இடம் மச்சானுக்குத்தான்.

ஜெரால்டு ஒரு சீசன் பிடித்துப் பார்த்தான். வள்ளம் நங்கூரம் போட்டு நின்றாலே அவனுக்கு வாந்தி. கயிற்றை ஒரு கையிலும் வயிற்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டிருக்கிறவனை நம்பி எவன் முங்குவான்? அவன் இடத்துக்கு டெரன்ஸின் சொந்தத் தம்பி பெர்சி வந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். பெட்டி தயாரானபோது ஜெரால்டு தங்கையிடம் சொன்னது எனக்குத் தடுப்பு வழியாகக் கேட்டது.

“ஏளா, இனி நான் கரையில இருந்தே கயிறு புடிச்ச மாதிரிதான். நீ பயப்படாத.”

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. செல்தான் நிற்கவில்லை. ஒன்பது நாளில் செத்துவிடும். யாருக்கும் தெரியாமல் சாகும். போனில் புள்ளி காணாமல்போன வீட்டில் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு வள்ளம் ஆடி அசைந்து கரைக்கு வரும். அழுதவள் புருஷனைத் திட்டுவாள், புருஷன் என்னைத் திட்டுவான். நான் தடுப்பைத் தட்டுவேன்.

“தம்பி, இந்தச் செல்லு விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டும். எனக்கு ஏச்சு கேட்டு முடியல.”

“கட்டுதேன் அண்ணாச்சி. உள்ள ஒரு சிப்பு இருக்கு பாத்தியளா, அதுதான் மூளை. அது சும்மாவே முழிச்சிக்கிட்டுக் கெடந்தா செல்லைக் குடிச்சிரும். வேலை இல்லாத நேரம் அதைத் தூங்க வச்சிரணும். தூங்கும்போது எவ்வளவு கொறச்சலாக் குடிக்குதோ அதுலதான் நம்ம கெட்டிக்காரத்தனம் இருக்கு.”

அன்றிலிருந்து அவனுக்கு அதே பைத்தியம். மீட்டரை மாட்டிக்கொண்டு கஞ்சன் அரிசி அளக்கிற மாதிரி கரண்டை அளப்பான். முதலில் விளக்கைப் பிடுங்கினான். பட்டனை அமுக்கினால் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரியும். அது தண்டச் செலவாம். அடுத்தது பட்டன். பட்டனை அமுக்கியதும் சிப்பு துள்ளி விழிக்கும்படி முதலில் வைத்திருந்தான். கடல் ஈரமும் உப்பும் பட்டனுக்குள் இறங்கி, யாரும் அமுக்காமலே அமுக்கினதுபோல ஆகிவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று தடவை பொய் மணி. மூன்றாவது தடவை பிலோமினா மாவு பிசைந்த கையோடு கடற்கரைக்கு ஓடி வந்தாள். டெரன்ஸ் சங்குச் சாக்கோடு சிரித்துக்கொண்டே இறங்குகிறான்.

“இன்னொரு தடவ இது பொய்யாக் கத்திச்சுன்னா, பொட்டியையும் ஒன்னையும் சேத்துக் கடல்ல வீசிருவேன்” என்று அண்ணனை ஏசிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவன் பட்டனுக்கு விழிக்கிற வழக்கத்தையே எடுத்துவிட்டான். அமுக்கினால் உள்ளேயே அமுங்கி நிற்கும் பட்டனாக மாற்றினான். சிப்பு தானாக விழிக்கும்போது பட்டன் அமுங்கி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும். வள்ளம் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை விழிக்கும். அசையாமல் கிடந்தால் கரையில் கட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது எதற்கு அடிக்கடி விழிக்க வேண்டும்? நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போதும் என்று வைத்தான். கரையில் கட்டிய வள்ளமும் சிற்றலைக்கு ஆடுமே, அந்த ஆட்டத்துக்கெல்லாம் விழித்துவிடாதபடி ஒரு கணக்கும் போட்டான்.

“எட்டு மைக்ரோ ஆம்ப் அண்ணாச்சி! தூக்கத்துல எட்டுதான் குடிக்கி!” என்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். எனக்கு மைக்ரோவும் தெரியாது, ஆம்பும் தெரியாது. செல் மூன்று மாதம் நின்றது. ஏச்சு நின்றது. நான் அவனுக்கு முட்டைக்கோஸ் போட்ட வடையும் டீயும் வாங்கிக்கொடுத்தேன்.

சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் பெட்டியை எப்படிக் கையாள்வது என்று பாடம் எடுத்தான். நானும் பின்வரிசையில் இருந்தேன். “பட்டனை அமுக்குங்க. லைட்டு எரியாது, பயப்படாதிய. அமுக்கிட்டு நின்ன எடத்தை விட்டு அசையாதிய. நீங்க ஒரு பக்கமும் வேகப்படகு ஒரு பக்கமும் போயிரக் கூடாது” என்றான். முன்வரிசையில் பெர்சி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அது மார்ச் மாதம், தவக்காலத்தின் மூன்றாவது வாரம். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. சங்கு குளிக்கிறவர்கள் காத்திருப்பதே அப்படிப்பட்ட நாட்களுக்குத்தான். அலை இல்லையென்றால்தான் தண்ணீர் தெளியும், தெளிந்தால்தான் தரை தெரியும். டெரன்ஸின் வள்ளத்தில் வழக்கமாக நாலு பேர் போவார்கள். அன்று இரண்டு பேர் மணப்பாட்டில் ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டதால் டெரன்ஸும் பெர்சியும் மட்டும் போனார்கள்.

பதினொன்றே காலுக்கு மேல் இரண்டு நிமிஷம். தடுப்புக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. நான் ஒரு கட்டு நைலான் கயிற்றை அளந்துகொண்டிருந்தேன். ஜெரால்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். வாந்தி எடுக்கிற அந்த மனுஷன் வேகப்படகில் முதல் ஆளாக ஏறினான் என்று பிறகு சொன்னார்கள்.

அரைமணியில் படகு அங்கே போய்ச் சேர்ந்தது. டெரன்ஸ் பலகையில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது, நினைவு கலங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியவில்லை. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு மேலே வந்ததில் ரத்தத்துக்குள் காற்று குமிழி கட்டிவிட்டது. கடலுக்குள் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. உடனே ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். பெர்சி அண்ணனின் தலையை மடியில் வைத்து, தன் சட்டையைக் குடையாக விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெரால்டைப் பார்த்ததும் அழுதானாம்.

“ஏன் அத்தான் இவ்வளவு நேரம்? நாலு ஜெபமாலை சொல்லிட்டேன். நாலு ஜெபமாலை!”

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பிலோமினாவிடம் நேராகச் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை. கால் முழுசாகத் திரும்புமா என்பது சந்தேகம். இனிமேல் கடலுக்குள் முங்கவே கூடாது. முக்கால் மணி நேரம் முன்னால் ஆக்சிஜன் கிடைத்திருந்தால் கால் இவ்வளவு போயிருக்காது.

முக்கால் மணி நேரம். அதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் மேலே வந்த உடனேயே அமுக்கினேன் என்று பெர்சி சொன்னான். கையில் வாட்ச் இல்லை, வேறு சாட்சி இல்லை. டெரன்ஸுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பாஸ்கல் தன் போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

“பதினொண்ணு பதினேழுலே. இதுல எழுதிருக்கு. மனுசன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லுமா? எவ்வளவு நேரம் தூங்குன, உண்மையச் சொல்லு.”

“தூங்கல பெரியப்பா. நாலு ஜெபமாலை சொன்னேன்.”

“தூக்கத்துல சொல்லிருப்ப.”

பெர்சி தூங்கிவிட்டான் என்பது இரண்டே நாளில் ஊரின் பேச்சாகிவிட்டது. அலை அசையாத கடல், மேலே வெயில், கம்ப்ரசர் சத்தம் ஒரே தாளம், எவனுக்கும் கண் சொக்கும்தான் என்று சிலர் இரக்கத்தோடு சொன்னார்கள். மச்சான் பிடித்திருந்தால் தூங்கியிருப்பானா என்று சிலர் வழக்கத்தை நீட்டினார்கள். பிலோமினா கொழுந்தனை ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே நிறுத்திவிட்டாள். “என் மூஞ்சில முழிக்காத” என்றாளாம். ஜெரால்டைக் கண்டவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உன் பெட்டிதான் டெரன்ஸைக் காப்பாற்றியது என்றார்கள். அவன் கையை உருவிக்கொண்டு கடைக்குள் வந்துவிடுவான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தடுப்பைத் தட்டினான்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம் உள்ள வாங்க.”

மேஜையில் டெரன்ஸின் வள்ளத்துப் பெட்டி இருந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர். பெட்டி அன்று எப்போதெல்லாம் விழித்தது என்ற கணக்கு அதில் ஓடியது. ஒன்பது மணி வரை இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. நங்கூரம் போட்டபிறகு நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒன்று. பத்து முப்பத்திரண்டுக்கு ஒருமுறை. அடுத்தது பதினொன்று பதினேழுக்கு.

“இதுல என்ன தம்பி?”

அவன் பட்டறை மணி மட்டும் அடிக்கும்படி மாற்றிவிட்டு, பெட்டியை அசையாமல் வைத்துக் காத்திருந்தான். அது ஒருமுறை விழித்து அடங்கியது. உடனே பட்டனை அமுக்கினான். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

“இப்போ மணி அடிக்கணும் அண்ணாச்சி.”

அடிக்கவில்லை. கடையில் ஆள் கூப்பிட்டார்கள், போய் அரை டஜன் தூண்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அடிக்கவில்லை. டீ வந்தது. அவன் குடிக்கவில்லை, அவன் குடிக்காததால் நானும் குடிக்கவில்லை. டீ ஆடை கட்டியது. வெளியே உப்பு லாரி ஒன்று பின்னால் வந்து மாட்டிக்கொள்ள, யாரோ யாரையோ திட்டினார்கள். இருபது நிமிஷம் கழித்து என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. மடியில் ஒருவன் தலை கிடக்க, நிழல் இல்லாத வள்ளத்தில் இதே நேரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துவிட்டேன். எழுந்து போகலாம் என்றால் ஜெரால்டு என் வேட்டி நுனியைப் பிடித்திருந்தான். அவனுக்கே அது தெரியாது.

நாற்பத்தைந்தாவது நிமிஷம் மணி அடித்தது. அவன் அதை நிறுத்தக்கூட இல்லை.

“அவன் தூங்கல அண்ணாச்சி. பொட்டி தூங்கிச்சு. கடல் அசையல, வள்ளம் அசையல. கரையில கெடக்கோம்னு நெனச்சு பொட்டி தூங்கிச்சு. சங்கு குளிக்கிறவன் மவன் நான். கடல் அசையாத அன்னைக்குத்தான் முங்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க அப்பா சங்கு குளிச்ச காசுலதானே படிச்சேன்.”

“ஏம் தம்பி, கொஞ்சம் வள்ளத்தை நவுத்திருந்தாலே...”

“நவுத்திருந்தா அடுத்த நிமிசம் முழிச்சிருக்கும். நான்தானே அசையாதன்னு சொன்னேன். அவன் நான் சொன்னதைத்தான் கேட்டான்.” முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். “ஒரு ஜெபமாலைக்குப் பத்துப் பத்தா அஞ்சு பத்து. சொல்லி முடிக்க பதினேழு, பதினெட்டு நிமிசம் ஆவும். நாலு சொன்னேன்னான். படகு வர அரைமணி. அதைக் கழிச்சுப் பாத்தா முக்கா மணி சரியா வருது. அன்னைக்குப் படகுலயே கணக்குப் போட்டுட்டேன் அண்ணாச்சி. நம்ப மாட்டேன்னு இருந்தேன்.”

இந்த இடத்தில் நான் சொன்னதைத்தான் எழுத வேண்டும். எழுதக் கூசுகிறது.

“யாருக்குத் தெரியும் தம்பி? நமக்கு ரெண்டு பேருக்குத்தான். இப்போ வெளிய சொன்னா ஒரு பொட்டியையும் நம்ப மாட்டான். கழட்டி எறிஞ்சுட்டுக் கடலுக்குப் போவான். அது நல்லதா? சர்வீஸ்னு சொல்லி எல்லாத்தையும் வாங்கும். சரிபண்ணிக் குடும். பெர்சி விவகாரம் நாலு நாள்ல ஆறிரும். சொந்த அண்ணன்தானே.”

அதில் நியாயம் இருப்பதுபோல எனக்கே பட்டது. ஒரு விஷயம் மட்டும் சொல்லாமல் விட்டேன். செல் நிற்கவில்லை என்று வருஷம் முழுக்கத் தடுப்பைத் தட்டியவன் நான்.

பாஸ்கலிடம் சர்வீஸ் என்று சொல்லி முப்பத்தோரு பெட்டிகளையும் அன்றே கழற்றி வாங்கினோம். நாலு நாளில் ஜெரால்டு எல்லாவற்றையும் மாற்றினான். பட்டனைச் சுற்றி ரப்பர் வைத்து உப்புத் தண்ணீரைத் தடுத்தான். அமுக்கியதும் விழிக்கும்படி பழையபடி வைத்தான். விளக்கையும் திரும்ப வைத்தான். செல் இனி ஒரு மாதம்தான் நிற்கும், நிற்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி முடுக்கிக் கொடுத்தேன். வள்ளங்களுக்கு இருந்த ஆபத்து தீர்ந்தது. பெர்சிக்கு இருந்தது தீரவில்லை. தூங்குகிறவன் கையில் குழாயைக் கொடுத்துவிட்டு எவன் முங்குவான்? ஒரு வள்ளத்திலும் அவனை ஏற்றவில்லை. அவன் முத்தையாபுரம் பக்கம் உப்பு மூட்டை சுமக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் ஜெரால்டு நின்றான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு முன்னால் ஒரே ஆள் இருந்தபோது திரும்பி வந்துவிட்டானாம். கத்தோலிக்கர்கள், அவர்களுக்காவது சாமியாரிடம் போய்ச் சொல்ல ஒரு பெட்டி இருக்கிறது. நான் யாரிடம் சொல்லுவேன்? அன்று கயிறு கொண்டுவரும் ராஜபாளையத்துக்காரனோடு, நீளம் குறைகிறதென்று தேவையில்லாமல் சண்டை போட்டேன்.

மறுநாள் மத்தியானம் பெர்சி கடைக்கு வந்தான். தோளில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கை வெடித்திருந்தது. ஜெரால்டு என் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

“அத்தான், ஒங்க மிஷின்ல ஒண்ணு பாத்துச் சொல்லணும்.”

“என்னலே?”

“நான் தூங்கினேனா இல்லையான்னு தெரியுமா அதுல?”

பெர்சி மெதுவாகச் சொன்னான்.

“தூங்கலன்னுதான் நெனச்சேன். எல்லாரும் சொல்லுதாங்க. பிலோமினா மயினியும் சொல்லுதாங்க. ராத்திரி படுத்தா நானே யோசிக்கேன். வெயிலு ஜாஸ்திதான். கண்ணு சொக்கிருக்குமோ? ஜெபமாலை சொன்னதும் கனவுல சொன்னேனோ? அப்படின்னா எங்க அண்ணன் காலை நான்தானே எடுத்துட்டேன், அத்தான்? அது தெரிஞ்சா போதும். தெரியாம இருக்கத்தான் முடியல.”

ஜெரால்டு என்னைப் பார்த்தான். நான் கயிற்றுச் சுருளைப் பார்த்தேன். “டீ குடிக்கியாலே?” என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கடையில் இவ்வளவு கேவலமான ஒரு வார்த்தையை நான் பேசியதில்லை. அவன் வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனான்.

அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, டெரன்ஸை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். டெரன்ஸ் தலையணையில் சாய்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரிக்க முயன்றான். போர்வைக்குள் கால் இரண்டும் அசையாமல் நேராகக் கிடந்தன. உள்ளே விளமீன் குழம்பு கொதித்தது. புளியும் தேங்காயும் கூடிய மணம் வாசல் வரை வந்தது. வாசலுக்கு வெளியே பெர்சி நின்றான். அவனை வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

செபம் சொல்லி முடித்தார்கள். பாஸ்கல் எழுந்து, ஆண்டவருக்கும் அடுத்தபடி ஜெரால்டின் பெட்டிக்கும் நன்றி என்று பேச ஆரம்பித்தார். அப்போது பெர்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கட்டிலண்டை முழங்காலில் நின்றான்.

“அண்ணன், நான் தூங்கிட்டேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா தூங்கிட்டேன் போலுக்கு. மன்னிச்சிரு. மயினி, நீங்களும் மன்னிச்சிருங்க.”

டெரன்ஸ் தம்பியின் தலைமேல் கையை வைத்தான். பிலோமினா சமையலறை வாசலில் அகப்பையோடு நின்றாள். மன்னித்தேன் என்று வாய் வரவில்லை அவளுக்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாஸ்கல், “இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா” என்றார்.

“அவன் தூங்கல.”

ஜெரால்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தவன், சாய்ந்தபடியே சொன்னான். குரல் சத்தமாகக்கூட இல்லை.

“அவன் ஒடனே அமுக்கிட்டான். பொட்டிதான் முழிக்கல. செல்லு மிச்சம் புடிக்கேன்னு நான்தான் அப்படி வச்சேன். அசையாம நிக்கச் சொன்னதும் நான். முக்கா மணி நேரம் அமுக்குன பட்டனோட அவன் காத்துக் கெடந்திருக்கான். மாப்பிள்ள கால் போனது என்னாலதான் பிலோ.”

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் போகவில்லை.

“நாலு ஜெபமாலைன்னு சொன்னானே” என்றாள் பிலோமினா. “தெனம் சொல்லுதேன். எவ்வளவு நேரம் ஆவும்னு எனக்குத் தெரியாதா? நான் எண்ணிப் பாக்கலையே.” பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். “ஒனக்கு எப்போ தெரியும்?”

“மூணாம் நாளே.”

“இன்னைக்குப் பதினோரு நாளு.”

“ஆமா.”

“முக்கா மணி நேரம் தெரியாமச் செஞ்சது அண்ணே. அதை நான் பொறுத்துருவேன். எட்டு நாளு தெரிஞ்சே செஞ்சியே. இவன் உப்பு மூட்டை சொமந்ததைப் பாத்துக்கிட்டே இருந்தியே.”

அவள் பார்வை அறையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. கடைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு பிளைவுட்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கும் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜெரால்டு என்னைக் காட்டிக்கொடுக்கிறவன் இல்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் மடியில் சாத்துக்குடிப் பை கனத்தது.

“தெரியும்மா. சொல்லாண்டாம்னு சொன்னதே நான்தான்.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ அவன்ட்ட நீங்களே சொல்லுங்க. இங்கன வச்சே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

நான் எழுந்தேன். பெர்சி முழங்காலில் நின்றபடியே எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்தது இன்னும் அவனுக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“ஏலே பெர்சி, நீ தூங்கல. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தோம்.”

“நான் தூங்கலையா அண்ணாச்சி?”

“இல்லலே. முழிச்சித்தான் இருந்த.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தேன். அவன் முகம் மலர்ந்தது. “அண்ணன், நான் முழிச்சித்தான் இருந்தேனாம்!” என்று டெரன்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான். டெரன்ஸ் அழுதான். பாஸ்கல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பிலோமினா கொழுந்தனைக் கையைப் பிடித்து எழுப்பி, உட்காரவைத்து, முதல் தட்டை அவன் முன்னால் வைத்தாள். மீனின் நடுத்துண்டைப் போட்டாள். ஜெரால்டுக்கும் எனக்கும் தட்டு வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

என்னால் ஒரு வாய் அள்ள முடியவில்லை. பெர்சி பதினோரு நாள் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, ஏதோ நினைவு வந்தவனாக என் பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சி, நாலு முடிஞ்சு அஞ்சாவதுல ரெண்டாம் பத்து சொல்லும்போதுதான் படகு சத்தம் கேட்டுச்சு. அப்போ நான் எண்ணுனது சரிதானே?”

“சரிதாம்லே” என்றேன். “நீ சரியாத்தான் எண்ணிருக்க.”